தூணில் படர்ந்த சிவப்பு

மீன் காட்சியகத்தில் தொட்டியக்கா என்று சொன்னால்தான் ஆள் தெரியும். சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று வாசல் காவல்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை அவளுடைய நாத்தனாரையே அப்படி அனுப்பியிருக்கிறார். முதலில் அவள் நுழைவுச் சீட்டு கிழிக்கும் வேலையில்தான் இருந்தாள். உள்ளே பெரிய தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மகன் வீட்டோடு போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி இவளை அனுப்பினார்கள். ஆள் கிடைக்கவில்லை. யாரும் தேடவே இல்லை என்பது அவள் கட்சி.

பெரிய தொட்டி என்பது இரண்டு ஆள் உயரம். சுற்றி வந்து பார்க்கலாம். கட்டடம் கட்டியவர்கள் கூரையைத் தாங்க நடுக்கூடத்தில் ஒரு சிமென்ட் தூணை நிறுத்திவிட்டார்கள். அப்புறம்தான் அங்கே தொட்டி வைப்பது என்று முடிவானது. தூணை எடுத்தால் கூரை இறங்கும் என்பதால் தூணையும் உள்ளே வைத்தே தொட்டியைக் கட்டிவிட்டார்கள். அதைச் சுற்றித்தான் பவளப்பாறை. மான்கொம்பு மாதிரி கிளை விட்டது ஒன்று, மூளையை எடுத்து வைத்தது மாதிரி ஒன்று, விசிறி மாதிரி ஒன்று. ஊதா, பச்சை, மஞ்சள். இவையெல்லாம் கல் இல்லை, கடுகளவு உயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டிய குடியிருப்பு என்று காட்சியகத்தின் பொறுப்பாளர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பொறுப்பாளர் இவளைவிட வயதில் சின்னவர், படித்தவர், சொன்னால் சொன்னபடி நடப்பவர். அவர் சொன்னதை அவள் நம்பினாள். ஆனாலும் முதல் வாரம் பூராவும் அந்தக் கல்லை ஓரக்கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழகப் பழக ஒவ்வொன்றைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது. கடல் சாமந்தியை விட்டு ஒரு முழம் நகராத கோமாளி மீன் வீட்டோடு மாப்பிள்ளை. பொழுது விடிந்தால் பாறையைக் கடித்து, பொழுது சாய்ந்தால் அதை மணலாகக் கழிக்கும் கிளிமீனுக்கு உழைப்பு உண்டு, பலன் இல்லை. மற்ற மீன்களின் வாய்க்குள் புகுந்து பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் செவ்வரி இறால்தான் அந்தத் தொட்டியிலேயே பொறுப்பான ஜென்மம். இதையெல்லாம் அவள் பார்வையாளர்களிடம் சொல்வதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கழிவறை எந்தப் பக்கம்?

அந்தத் தொட்டியில் அவள் மனசார வளர்த்தது கடற்பஞ்சை. அது வாங்கி வைத்ததல்ல. ஒரு பாறைத்துண்டோடு ஒட்டிக்கொண்டு, நகத்தளவு சிவப்புப் புள்ளியாக, சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. அழுக்கு என்று தேய்க்கப் போனவளைப் பொறுப்பாளர்தான் தடுத்தார். அது ஒரு பிராணி. கண் இல்லை, வாய் இல்லை, வயிறு இல்லை, இதயம் இல்லை. உடம்பு பூராவும் ஓட்டை. அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீரை இழுத்து, அதில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, உச்சியில் இருக்கும் பெரிய ஓட்டை வழியாக வெளியே விடும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீரை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த ஓட்டைகளுக்குள் காற்று போய் அடைத்துக்கொள்ளும், திரும்ப உள்ளே போட்டாலும் பிழைக்காது. இப்படி ஒரு பிராணியை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஒரு சண்டை சச்சரவு கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. அவளுக்குப் பிடித்துப் போனது.

தொட்டிக்குள் இறங்கி உள்கண்ணாடி துடைக்கும் ஆளிடம் சொல்லி அந்தப் புள்ளியைத் தூணின் அடியில் ஒட்டவைத்தாள். பாசி கலந்த பச்சைத் தண்ணீரை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, அதில் நீளக் குழாயைப் பொருத்தி, அதன் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ஒரு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருஷம் கையகலம் ஆயிற்று. அப்புறம் விரல் விரலாக முளைத்து மேலே ஏற ஆரம்பித்தது. பிறகு ஒருநாள் பார்த்தால் அங்கே தூணே இல்லை. அடியிலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்கும் கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி ஒரு சிவப்புதான் நின்றது. விளம்பரப் பலகையில் அதன் படம்தான். கல்யாணம் ஆன ஜோடிகள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். தொட்டியக்கா அந்தப் படங்களில் ஓரமாக, வாளியோடு, பாதி தெரிவாள்.

இனி வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் முக்குளிக்கிறவர். கப்பலின் அடிவயிற்றிலும் கப்பல் வந்து அணையும் மேடையைத் தாங்கும் தூண்களிலும் ஒட்டி வளர்வதையெல்லாம் சுரண்டி எடுப்பது அவர் வேலை. சிப்பி, பாசி, அப்புறம் கடற்பஞ்சு. ஆக, புருஷன் காலையில் போய் எதை வேரோடு சுரண்டி எறிந்தாரோ, அதையே பெண்டாட்டி காலையில் போய் ஊட்டி வளர்த்தாள். இது பற்றி வீட்டில் சண்டை வந்ததில்லை. அவர் அதை அழுக்கு என்பார், அவள் அதைப் பஞ்சு என்பாள், இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். ஒருநாள் வந்து பாருங்களேன் என்று அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். விடுமுறை நாளிலும் தண்ணீரையே பார்க்க வேண்டுமா என்று அவர் கேட்பார். அதில் நியாயம் இருந்ததால் அவள் விட்டுவிட்டாள்.

துறைமுகத்தில் ஒரு வயசுக்கு மேல் யாரையும் கடலில் இறங்க விடுவதில்லை. அவருக்கும் அந்த வயசு வந்தது. மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வாரம் தூங்கினார். இரண்டாவது வாரம் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் நடந்தார். மூன்றாவது வாரம் சுரண்ட ஆரம்பித்தார்.

முதலில் பாத்திரங்களின் அடிக்கரி. அது நல்லதுதான். அடுத்தது குளியலறை ஓடுகளுக்கு இடையில் இருந்த கறுப்பு. கறுப்பு போனது, அதோடு சிமென்ட்டும் போனது. அப்புறம் ஜன்னல் கம்பியின் துரு. ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது, புதிதாக வாங்கிய நான்ஸ்டிக் வாணலியைப் பளபளவென்று வெள்ளையாகச் சுரண்டி, வெயிலில் காய வைத்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய தங்கை, அண்ணனுக்குப் பொழுது போகட்டுமே என்று தன் வீட்டு இரும்புக் கதவைக் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு நாளில் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்று தெரிய ஆரம்பித்ததும் வந்துவிட்டாள்.

"அண்ணி, இவரை எங்கயாவது அனுப்பிடுங்க. இல்லேன்னா வீடு மிஞ்சாது" என்றாள்.

தொட்டியக்காவுக்கு வீட்டைப் பற்றிய கவலை அவ்வளவாக இல்லை. சுரண்ட எதுவும் இல்லாத நாட்களில் அவர் இருந்த இருப்புதான் அவளை உலுக்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. இப்படியே விட்டால் மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே கரைந்துபோவார் என்று அவளுக்குப் பட்டது. அவளுக்கு அவரை விட்டால் வேறு யாரும் இல்லை. பயந்துபோனாள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய தொட்டியின் உள்பக்கக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்கும் ஆள் நின்றுவிட்டான். வேறு ஆள் தேவை. அவள் பொறுப்பாளரிடம் போய்த் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். தண்ணீருக்குள் அவரைப் போல வேலை செய்ய ஆள் கிடையாது என்றாள். அவள் அதைப் பார்த்தது இல்லை. துறைமுகத்து ஆட்கள் சொல்லிக் கேட்டதுதான். பொறுப்பாளர் யோசித்தார். மருத்துவர் சரி என்று சொன்னால், ஒருநாள் இறங்கிக் காட்டட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். நீங்கள் சொல்வதால்தான் சம்மதிக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வீடு வரைக்கும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மருத்துவர் சரி என்றார். இறங்கிக் காட்ட வேண்டிய நாளன்று காலையில் வீட்டுக்காரர் அவளுக்கு முன்னால் எழுந்து, குளித்து, வாசலில் நின்றார். பல மாதம் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டார். காட்சியகம் திறக்கும் முன் பின்வாசல் வழியாகப் போய், இரும்புப் படியில் ஏறி, தொட்டியின் தலைமாட்டுக்குப் போனார்கள். விளக்குகள் அப்போதுதான் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. மேலேயிருந்து பார்த்தால் மோட்டார் கிளப்பும் அலையும், தண்ணீரிலிருந்து கிளம்பிக் கூரைக்குப் போகும் தூணின் மொட்டைப் பகுதியும்தான் தெரியும்.

தொட்டியக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மான்கொம்பைத் தொடக் கூடாது, உடையும். கடல் சாமந்தியைத் தொடக் கூடாது, சுடும். மூளைப் பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது. பெரிய சிப்பியின் வாய்க்குள் விரலை விடக் கூடாது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தூணைப் பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்தாள் என்று சொல்ல முடியாது. அங்கே ஒரு தூண் இருப்பதே அவள் நினைவில் இல்லாமல் போய் வருஷக்கணக்கு ஆகியிருந்தது. பஞ்சைத் தொடாதீர்கள் என்று கட்டின புருஷனிடம் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

இடுப்புக் கயிற்றைப் பொறுப்பாளர் மேலேயிருந்து பிடித்துக்கொண்டார். தொட்டியக்கா கீழே ஓடிவந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அவர் இறங்கினார். முதலில் கண்ணாடி. சுரண்டியை ஒரு கோணத்தில் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு முன்னதன் ஓரத்தில் மயிரிழை ஏறி வந்தது. பாசி சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. கீறல் இல்லை, விட்டுப்போன இடம் இல்லை. முன்னால் இருந்த பையன் அரைநாள் மல்லுக்கட்டும் வேலையை இவர் சும்மா தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். தொட்டியக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனி பயமில்லை என்று நினைத்தாள்.

கண்ணாடி முடிந்தது. அவர் பின்னால் நகர்ந்தார். கை தூணில் பட்டது.

துறைமுகத்துத் தண்ணீர் சேறு. அதில் கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். திறந்தால் கண்ணுக்குத்தான் அலுப்பு. அதனால் அந்த வேலைக்காரர்கள் தண்ணீருக்குள் இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, கையால்தான் பார்ப்பார்கள். இவரும் அப்படித்தான் பழகியவர். கண்ணாடியையும் கண்ணை மூடித்தான் சுரண்டினார்; சுரண்டியையே பார்த்துக்கொண்டிருந்த தொட்டியக்கா அதைக் கவனிக்கவில்லை. இப்போது அவர் கைக்குத் தெரிந்தது ஒரு சிமென்ட் தூண், அதில் மொத்தமாக ஒட்டியிருக்கும் பஞ்சு. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை எதிரில் வந்து நிற்கிறது. ஏன் எதற்கு என்று கை கேட்கவில்லை.

உச்சிக்குப் போய் அங்கிருந்து ஆரம்பித்தார். இடது கையால் தூணைக் கட்டிக்கொண்டு, வலது கையால் சுரண்டியை உள்ளே கொடுத்து, பஞ்சுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவில் ஓட்டி, தூணைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பழத்தோல் உரிகிற மாதிரி சிவப்பு உரிந்து விழுந்தது. தொட்டியக்காவின் கை கண்ணாடி வரைக்கும் போனது. தட்டவில்லை. அவர் அடுத்த வட்டத்துக்கு இறங்கினார். கால் இரண்டும் ஒரு பவளத்தின் மேலும் படாமல் தண்ணீரில் தானாக நின்றன. தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும்தான் திரும்பியது. வீட்டில் ஒரு டம்ளரை ஒழுங்காக வைக்கத் தெரியாத மனுஷன். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தூணின் மேல்பகுதி அன்றைக்குத்தான் கட்டியது மாதிரி வெள்ளை வெளேரென்று ஆனது.

சுற்றி வந்தவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியபோதுதான் முகக்கண்ணாடிக்குள் அவர் கண் மூடியிருப்பதை அவள் பார்த்தாள். அப்போதுதான் உயிர் வந்தது. இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினாள். துறைமுகத்துத் தண்ணீருக்குள் எந்நேரமும் யாராவது எதையாவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. இன்னும் இரண்டு வட்டம் இறங்கினார். அவள் இரும்புப் படியில் தடதடவென்று ஏறிப்போய், பொறுப்பாளர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

கயிறு இழுபட்டால் எந்த வேலையானாலும் நிறுத்திவிட வேண்டும் என்பது துறைமுகத்துச் சட்டம். அவர் நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். விளக்குகள் அதற்குள் முழுசாக ஏறியிருந்தன. அவரைச் சுற்றி நாலா பக்கமும் சிவப்புத் துண்டுகள் மிதந்தன. ஓசி விருந்து என்று மீன்களெல்லாம் கூடிவிட்டன. மஞ்சள், நீலம், வரிவரியாகக் கறுப்பும் வெள்ளையும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவர் சுரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

மேலே வந்து முகக்கண்ணாடியைக் கழற்றினார். தொட்டியக்கா திட்டுவதற்கு எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தாள். கல்யாணத்தன்றிலிருந்து சேர்த்து வைத்ததும் அதில் அடக்கம்.

"அது சிவப்பா?" என்று அவர் கேட்டார்.

அவளுக்குப் புரியவில்லை.

"இத்தனை வருஷம் சுரண்டியிருக்கேன். சிவப்புன்னு தெரியாது எனக்கு" என்றார். "மேல வரும்போது சேறோட சேறா கறுப்பாத்தான் வரும். இப்படி இருக்கும்னு யாரும் சொல்லலை."

அவள் சொல்லியிருந்தாள். பல தடவை சொல்லியிருந்தாள். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும், திட்ட எடுத்ததை எல்லாம் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். சுரண்டியில் ஒட்டியிருந்த சிவப்பை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுப்பாளர் யாரையும் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. அவ்வளவு பஞ்சும் தொட்டிக்குள் அழுகினால் தண்ணீர் கெட்டுப்போய், பவளம் முழுக்கச் செத்துவிடும். உடனே எல்லாத் துண்டையும் பொறுக்க வேண்டும். ஆனால் தண்ணீருக்குள்ளேயே வாளியில் போட்டு, தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும், ஒரு துண்டுகூடக் காற்றுப் படக் கூடாது. பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு, பிய்ந்த துண்டும் இடம் கிடைத்தால் ஒட்டிக்கொண்டு வளரும், எத்தனை பிழைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். வீட்டுக்காரர் மறுபடி இறங்கினார். இந்தத் தடவை கண் முட்டை மாதிரி திறந்திருந்தது. மான்கொம்பின் இடுக்கு, சிப்பியின் பின்புறம், ஒரு துண்டு விடாமல் பொறுக்கினார். கிளிமீன் வாயிலிருந்துகூட ஒன்றைப் பிடுங்கினார்.

நல்ல துண்டுகளை அவரே தூணில் வைத்து, மெல்லிய தூண்டில் நரம்பால் கட்டினார். சுரண்டின கையே கட்டட்டும் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார். வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. துண்டுகள் பிடித்துக்கொள்ளும்வரை தினமும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் முடிவு சொல்கிறேன் என்றார். கண்ணாடிக்கு வெளியே, பராமரிப்பு நடக்கிறது என்று ஒரு பலகை வைத்தார்கள். பாதி வெள்ளையும் பாதி சிவப்புமாக, கட்டுப் போட்ட நோயாளி மாதிரி தூண் நின்றது. ஜோடிகள் அதன் முன்னாலும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

தொட்டியக்கா அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை. பஞ்சு போனால் இன்னொரு பஞ்சு வரலாம். அவர் மறுபடி அந்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர் காலையில் அவளுக்கு முன்னால் கிளம்பினார். பச்சைத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் கைக்குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டுகிற மாதிரி ஊட்டினார். சில துண்டுகள் வெளுத்து உதிர்ந்தன. அவற்றை யாரிடமும் சொல்லாமல் எடுத்து ஓரமாக வைத்தார். வீட்டில் எதையும் சுரண்டவில்லை. தங்கை வந்து, அண்ணனுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

கடைசியில் ஒருநாள் பொறுப்பாளரே இறங்கிப் பார்த்தார். ஒரு நரம்பை அவிழ்த்தார். துண்டு விழவில்லை. இன்னொன்றை அவிழ்த்தார். அதுவும் விழவில்லை. ஒன்றிலிருந்து புதிதாக ஒரு விரல் முளைக்க ஆரம்பித்திருந்தது. மேலே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, நாளை முதல் கண்ணாடியையும் நீங்களே பாருங்கள், கண்ணைத் திறந்துகொண்டு பாருங்கள் என்று அவரிடம் சொன்னார். அவர் சரி என்றார். தொட்டியக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து வாளியைக் கழுவினாள்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே நின்ன? முதல் இழுப்புலயே மேல வந்து கயித்தை இழுத்திருந்தா இவ்வளவு போயிருக்காதே."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"பாத்துட்டே நின்னுட்டேன்."

"பஞ்சையா?"

"உங்களைத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க வேலை செய்யறதை நான் பாத்ததே இல்லையே. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"மேல்பாதி பெரிய விஷயமில்ல," என்றார் அவர். "கீழ்ப்பாதிதான் கஷ்டம். அதை நீ பாத்திருக்கணும்."